முறை வரும்வரை

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வடபகுதிப் பாடசாலை மைதானம் ஒன்றின் வேலியோரம் சிறிது நேரம் நின்று உதைபந்தாட்டப் பயிற்சியைப் பார்த்த நேயர்களுக்கு இந்தக் காட்சி புதிதாயிராது. 30 சிறுவர்கள் பயிற்சிக்கு வந்திருப்பார்கள். அவர்களுள் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு, நட்டுவைத்த கம்புகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பான். மற்றைய 29 பேரும் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நிற்பது என்று சொல்வதுகூட முற்றிலும் பொருந்தாது. ஒருவன் கால் பெருவிரலால் மணலைக் கிளறுவான். ஒருவன் முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுப்பான். இருவர் மல்லுக்கட்டுவர். வேறொருவன் கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தைப் பற்றித் தொங்குவான். பொறுப்பாசிரியர் விசிலை ஊதி எல்லோரையும் அதட்டுவார். அந்த அதட்டலில் பந்துடன் ஓடியவனும் நின்றுவிடுவான். இப்பொழுது 30 பேரும் சும்மா நிற்கின்றனர். பிள்ளைகளுக்கு ஒழுங்கு போதாது என்று ஆசிரியர் மனம் நோகிறார். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஒருவன், பந்து கண்ணெதிரே உருண்டுகொண்டிருக்கப் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்பானாயின், அவனை நல்ல பிள்ளை என்று மெச்சுவதற்கு முன் அவனுக்குக் காய்ச்சலோ என்று தொட்டல்லவா பார்க்க வேண்டும்?

முதலிற் கணக்கைப் பார்ப்போம். கம்புகளைச் சுற்றிப் பந்தை உருட்டிவர ஒருவனுக்கு 20 செக்கன் செல்கிறது என்று கொள்வோம். 30 பேர் கொண்ட ஒரே வரிசையில் ஒரு சுற்று முடிய 10 நிமிடமாகும். 40 நிமிடப் பயிற்சியில் ஒருவனுக்குக் கிடைப்பது நான்கு முறை. அஃதாவது, அன்று அவன் பந்தோடு இருந்த நேரம் 80 செக்கன். மிகுதி நேரமெல்லாம் அவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அதே 30 பேரையும் ஐவர் ஐவராக ஆறு வரிசைகளில் நிறுத்தினால் நான்கு முறை 24 முறையாகிறது. 80 செக்கன் எட்டு நிமிடமாகிறது. மைதானமும் அதுதான், ஆசிரியரும் அவர்தான். வேண்டியது ஆறு பந்துகளும், பயிற்சி தொடங்குமுன் ஐந்து நிமிட ஆயத்தமுமே.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் ஒரு கொடுமையையும் சொல்லவேண்டும். காத்திருத்தல் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கெட்டிக்காரனும் முரட்டுத் துணிச்சல் உள்ளவனும் வரிசையின் முன்னே நிற்பார்கள். முடித்து வந்ததும் இடையில் நுழைந்து இன்னொரு முறையும் ஓடிவிடுவார்கள். கால் சற்றுத் தடுமாறுபவன், கூச்சமுள்ளவன், சென்ற மாதந்தான் சேர்ந்தவன் ஆகியோர் பின்னால் ஒதுங்குவார்கள். தனக்கு வரும் முறையையும் மற்றவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையையும் சில மைதானங்களிற் காணலாம். அவன் குழப்படி செய்வதில்லை. ஆதலால் ஆசிரியரின் கண் அவன்மேற் படுவதுமில்லை. மூன்றாம் வாரம் அவன் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை. பயிற்சி வேளைகளில் நேர்கின்ற பெரிய இழப்பு இதுவே. சட்டையைப் பிடித்து இழுத்தவன் நாளைக்கும் வருவான். சத்தமில்லாமல் நின்றவனே போய்விடுகிறான்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை, மன்னார் என்று உதைபந்தாட்டம் வேரூன்றிய ஊர்களின் பிள்ளைகள் கடற்கரை மணலிலும் கோவில் வீதியிலும் தாமாகக் கூடி விளையாடுவதை எண்ணிப் பார்ப்பது நல்லது. அங்கே விசில் இல்லை, வரிசையும் இல்லை. வந்தவனை வந்த பக்கத்திற் சேர்த்துக்கொள்வார்கள். பந்து போகிற இடமெல்லாம் எல்லோரும் ஓடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருவனும் சும்மா நின்றான் என்பது இல்லை. ஒழுங்கான பயிற்சி என்று நாம் பெயரிட்டு நடத்துவதிலே பிள்ளை அதைவிடக் குறைவாக ஓடுகிறான், குறைவாகப் பந்தைத் தொடுகிறான் என்றால், பயிற்சி என்ற சொல்லையே சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டியதாகிறது.

இவ்விடயத்தில் வகுப்பறையிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுவரத்தக்க பாடம் ஒன்று உண்டு. யேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருமுறை விரிவுரை மண்டபத்திலே செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த மாணவனைக் கண்டித்தார். கண்டிக்கப்படாத ஏனைய மாணவர்களும் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தனர். இது அவருக்கு வியப்பளித்தது. எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று அறிய விரும்பி அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, முடிவுகளை 1970ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அவர் தேடியது ஒன்று, கண்டது வேறொன்று. கடிந்து பேசியவரோ மென்மையாகப் பேசியவரோ, கண்டிக்கும் முறையினால் வகுப்பின் நடத்தை பெரிதும் வேறுபடவில்லை. வேறுபாட்டை உண்டாக்கியவை குழப்படி தொடங்குமுன் ஆசிரியர் செய்தவை: ஒரு மூலையிற் பேசும்போதே மறுமூலையில் நடப்பதை அறிந்திருத்தல், ஒரே வேளையில் இரண்டு காரியங்களைக் கவனித்தல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலின்றி மாணவரை நடத்திச் செல்லுதல். நம் தாய்மார் அடுப்பிலே கறியையும் முற்றத்திலே குழந்தையையும் ஒருங்கே பார்ப்பது போன்ற கலைதான் இது. மைதானத்தில் நிற்கும் பயிற்றுநருக்கு விசிலைவிட இக்கலை பயன்படும்.

தடங்கலின்றி மாறுதல் என்பதை எடுத்துக்கொள்வோம். பல பயிற்சிகளிலே நேரம் வீணாவது பயிற்சிக்குள் அன்று. ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலேயே. ஆசிரியர் கம்புகளைப் பிடுங்குவார், அடி அளந்து மீண்டும் நடுவார், பந்துகளை எண்ணுவார், ஒன்று குறைகிறதென்று தேட ஆளனுப்புவார். அதற்குள் ஏழு நிமிடம் போய்விடும். அனுபவமுள்ள பயிற்றுநர் ஒருவர் பிள்ளைகள் வருமுன்னே 20 மீற்றர் சதுரங்கள் சிலவற்றை மைதானத்திற் குறித்துவிடுவார். குறியிடுவதற்கு விலைகொடுத்து வாங்கிய கூம்புகள் வேண்டியதில்லை; மணல் நிரப்பிய வெறும் போத்தல்களோ தேங்காய் மட்டையோ போதும். முதலில் அச்சதுரத்துக்குள் ஒவ்வொருவரும் பந்தை உருட்டித் திரிவர். பின்பு அதே சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று இருவர் இருவராகப் பந்தை மாற்றிக்கொள்வர். ஈற்றில் அதே சதுரத்தில் நால்வருக்கு நால்வர் ஆட்டம் நடைபெறும். மூன்று பயிற்சிகள் நடந்தன. ஒரு போத்தலும் இடம்பெயரவில்லை. இடைவெளி என்பதே ஏற்படாதபோது அதனை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்வியும் எழுவதில்லை.

பந்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. நமது பாடசாலைகள் பலவற்றில் ஆறு பந்து இருந்தாலே பெரிது; அவற்றிலும் இரண்டு காற்றுப் போனவையாயிருக்கும். இருப்பது ஆறாயின், ஐவருக்கு ஒரு பந்து என்ற கணக்கில் நால்வர் வட்டமாக நின்று பந்தை மாற்ற, ஒருவன் நடுவில் நின்று அதைப் பறிக்க முயலலாம். பறிகொடுத்தவன் நடுவே வருவான். யோகான் குரூய்ப் 1988 முதல் 1996 வரை பார்சலோனா அணியைப் பயிற்றுவித்த காலத்திலே, உலகறிந்த வீரர்களுக்கும் இவ்வட்ட ஆட்டம் அன்றாடப் பயிற்சியாயிருந்தது. ஸ்பானிய மொழியில் இதனை றொண்டோ என்பர். விளையாட்டுப் போலத் தோன்றினாலும், அதில் நிற்கும் ஐவருள் ஒருவனும் கண்ணை வேறுபக்கம் திருப்ப இயலாது. இடவசதியும் பெரிய தடையன்று. முதலாவது உலகக் கிண்ணம் நடைபெற்ற 1930ஆம் ஆண்டிலே, உருகுவேயின் மொண்டிவீடியோ நகரில் வாழ்ந்த குவான் கார்லோஸ் செரியானி என்ற உடற்பயிற்சி ஆசிரியர், கூடைப்பந்துத் தளமளவான இடத்தில் ஐவருக்கு ஐவர் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார். இன்று புட்சால் என்று உலகெங்கும் ஆடப்படுவது அதிலிருந்து வளர்ந்ததே. ஆள் குறைந்தால் ஒவ்வொருவரும் பந்தைத் தொடும் தடவை கூடும். சிறுவர் பயிற்சிக்கு இதைவிட எளிய உண்மை வேறில்லை.

பிள்ளைகளின் வீடுகளிலே கிரிக்கெட்டுக்கு வாங்கிய பழைய ரெனிஸ் பந்துகளும் கிடக்கும். அவற்றையும் பையிற் போட்டுக்கொண்டு வரச்சொல்லலாம். ரெனிஸ் பந்தைக் காலால் இரண்டு தரம் தட்டி நிறுத்தக் கற்றவனுக்குப் பெரிய பந்து பூசணிக்காய் போலத் தோன்றும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில வேளைகளிற் காத்திருத்தல் இருக்கத்தான் செய்யும். கோலை நோக்கி அடிக்கும் பயிற்சிக்குக் கோல் ஒன்றுதானே உண்டு. அப்பொழுது நிற்பவனுக்கு ஒரு சிறு வேலை வேண்டும். அவ்வேலை ஆட்டத்தோடு ஒட்டியதாயும், முறை வந்தவுடன் விட்டுவிட்டு ஓடத்தக்கதாயும் இருத்தல் நன்று. இருவர் எதிரெதிரே ஒற்றைக்காலில் நின்று, ஒரு பந்தைக் கையால் எறிந்து பிடிப்பது அத்தகையது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஆதரவில் வகுக்கப்பட்ட காயத்தடுப்புப் பயிற்சித் தொகுதியிலே இது ஓர் அங்கம். அத்தொகுதியை நோர்வே நாட்டிலே 125 கழகங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையான பெண்பிள்ளைகளிடையே ஆராய்ந்தார்கள். முடிவு 2008ஆம் ஆண்டு வெளியாயிற்று. பயிற்சி செய்த கழகங்களிலே காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. கடுங்காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாயின. ஒற்றைக்காலில் நிற்பது மட்டும் இதைச் செய்தது என்று சொல்ல முடியாது. ஓட்டமும் பாய்ச்சலும் தசைப்பயிற்சியும் சேர்ந்த தொகுதி அது. ஆயினும் முழங்காலும் கணுக்காலும் உறுதிபெற வேண்டிய வயதிலே, வரிசையில் வீணாகும் நேரத்தை அவற்றுக்குக் கொடுப்பது எத்துணை இலாபம்! நமது நாட்டிலும் பெண்பிள்ளைகள் இவ்வாட்டத்தில் முன்னேறி வருகின்றனர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணியின் பெயரை விளையாட்டுச் செய்தி கேட்கும் நேயர்கள் நன்கறிவர். ஆகவே இவ்வாராய்ச்சி நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

கைகாலுக்கு வேலை கொடுப்பது ஒரு வழி. கண்ணுக்கு வேலை கொடுப்பது அதனினும் நுட்பமானது. பயிற்றுநர் பலர் இதை எண்ணுவதில்லை. காத்து நிற்பவனிடம், "தம்பி, அங்கே ஆடுகிறவனைப் பார். பந்து அவனிடம் வந்து சேருமுன் அவன் எத்தனை தரம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான் என்று எண்ணிச் சொல்" என்று ஆசிரியர் கூறட்டும். நோர்வேயைச் சேர்ந்த கெயர் யோர்டெட் என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் முதற்றர அணிகளில் ஆடிய நடுக்கள வீரர்களை இவ்வாறே ஒளிப்படத்திற் பார்த்து எண்ணினார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களே அதனைத் தம் அணியினரிடம் தவறாமற் சேர்ப்பதிலும் பெரும்பாலும் முன்னின்றனர் என்று கண்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் வேலியோரம் நின்று எண்ணுவதும் அதே ஆராய்ச்சிதான். "இரண்டு தரம் பார்த்தான், சேர்" என்று வந்து சொல்லுகிற பிள்ளை, தன் முறை வந்து உள்ளே போனதும் தானும் தலையைத் திருப்புவான். இதனை யாரும் அவனுக்குத் தனியே போதிக்கவேண்டியதில்லை. ஆனால் "எல்லோரும் கவனமாகப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்வதாற் பயனில்லை. எதைப் பார்ப்பது என்று சொல்லாவிட்டால் பிள்ளை வீதியிற் போகும் பேருந்தையும் கவனமாகத்தான் பார்ப்பான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வெளியேற்று விளையாட்டுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சதுரத்துக்குள் எல்லோரும் பந்தை உருட்ட, பந்தை இழந்தவன் வெளியே போகவேண்டும். ஈற்றில் எஞ்சியவன் வென்றவன். உற்சாகமான ஆட்டந்தான். ஆனால் முதலில் வெளியேறுகிறவன் யார்? எவனுக்குப் பழக்கம் மிகவும் வேண்டியதோ அவனே. எவனுக்கு வேண்டியதில்லையோ அவன் கடைசிவரை உள்ளே நின்று இன்னும் பழகுகிறான். இதனைத் திருத்துவதற்கு ஆட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. வெளியே வந்தவன் வேலியோரம் பந்தைப் பத்து முறை வலக்காலாலும் இடக்காலாலும் மாறிமாறித் தட்டிவிட்டு மீண்டும் உள்ளே போகலாம் என்று விதி செய்தாற் போதும்.

சும்மா நின்றதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. ஓட்டமே உயிரான ஓர் ஆட்டத்தில் ஓட்டத்தையே தண்டனையாக்குவது, சங்கீதம் கற்கும் பிள்ளை தவறினால் இன்னும் இரண்டு கீர்த்தனை பாடென்று ஒறுப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் கேட்டபின், ஒரு செக்கனும் வீண்போகாமற் பிள்ளைகளைப் பம்பரமாய்ச் சுழற்ற வேண்டும் என்று எந்தப் பயிற்றுநரும் புறப்பட்டுவிடலாகாது. ஓய்வு வேறு, காத்திருத்தல் வேறு. விரைந்து ஓடிய பிள்ளைக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். வளர்ந்தவர்களைவிடச் சிறுவர் விரைவில் களைப்பு நீங்குவர் என்பது உண்மையே. எனினும் பங்குனி, சித்திரை வெயிலில் அவர்கள் உடல் சூடேறுவதை அவர்களே உணர்வதில்லை. தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொரு சதுரத்தின் அருகிலும் நிழல் பார்த்து முன்கூட்டியே வைத்துவிட்டால், 30 பேரும் ஒரே குழாயடியில் நெருங்கி அங்கேயும் ஒரு வரிசை அமைக்க வேண்டிவராது. தண்ணீர் குடிக்கும் அந்த இரண்டு நிமிடமும் பிள்ளைகளுக்கே உரியது. அவர்கள் சிரிக்கட்டும், பகடி பேசட்டும். தோழர்களோடு கூடியிருக்கவும் அல்லவா அவர்கள் வருகிறார்கள்? அந்நேரத்திலும் பாடம் சொல்லத் தொடங்கும் பயிற்றுநர் விரைவில் அலுத்துப்போவார். பிள்ளைகள் அவருக்கு முன்பே அலுத்துவிடுவார்கள்.

பேச்சைப் பற்றிச் சொன்னால், காத்திருத்தலின் ஒரு பங்கு பயிற்றுநரின் நாவிலிருந்தே பிறக்கிறது. செய்து காட்ட அரை நிமிடம் போதுமான ஒன்றை ஐந்து நிமிடம் விளக்குவோர் உளர். விளக்கத்தான் வேண்டுமாயின், வெயில் தம் முகத்திலும் பிள்ளைகளின் முதுகிலும் படுமாறு நின்று விளக்குதல் நலம். கண்கூசி நிற்கும் பிள்ளையின் காதிலும் ஒன்றும் ஏறாது.

இனி, ஆரம்பத்திற் சொன்ன காட்சியிலே கோல் கம்பத்திற் தொங்கினானே ஒருவன், அவனை மறந்துவிடக்கூடாது. நிலத்திற் புதைக்கப்படாத, தூக்கி வைக்கத்தக்க இரும்புக் கோல் கம்பங்கள் முன்பக்கமாகச் சரிந்து, கீழே நின்ற குழந்தைகளைக் கொன்றிருக்கின்றன. இத்தகைய மரணங்கள் தொடர்ந்ததனால் அமெரிக்காவின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 1995ஆம் ஆண்டிலே இதற்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. கம்பத்தை நிலத்தோடு பிணைத்தல், எவரையும் அதில் ஏறவோ தொங்கவோ விடாதிருத்தல், பயன்படாத வேளையில் சரியாதவாறு பூட்டிவைத்தல் என்பவை அதன் சாரம். விபத்து நேர்வது ஆட்டத்தின் உச்சத்தில்தான் என்றில்லை. ஒருவருக்கும் வேலையில்லாத அந்த ஐந்து நிமிடத்திலேயே குறுக்குச் சட்டம் பிள்ளைகளைக் கைநீட்டி அழைக்கிறது. கம்பத்தின் அடிச்சட்டத்தில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றி வைக்காமற் பயிற்சியைத் தொடங்கும் பாடசாலை, மற்றெதனை ஒழுங்காகச் செய்தும் பயனில்லை.

மற்றோர் இடைவெளி வானத்திலிருந்து வருவது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமுழக்கம் கேட்பது நமது நாட்டில் வழமை. இடியொலி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே பொருள். உடனே மைதானத்தை விட்டுக் கட்டடத்துக்குள் போகவேண்டும், மரநிழல் புகலிடமாகாது. ஈற்று இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்பவும் கூடாது. ஒவ்வோர் இடிக்கும் அந்த 30 நிமிடம் புதிதாகத் தொடங்கும். இவ்வாறு வகுப்பறை ஒன்றில் அடைபட்ட 30 பிள்ளைகளை என்ன செய்வது? கரும்பலகையும் வெண்கட்டியும் அங்கே உண்டு. மைதானத்தை வரைந்து, புளியங்கொட்டைகளை வீரர்களாக மேசையிற் பரப்பி, விதிகளிலிருந்து கேள்வி கேட்கலாம். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர் என்பதைச் சிலர் உடனே சொல்வார்கள். எறிபந்தை நேராகப் பெறுபவன் எதிரணியின் கடைசி ஆளுக்கு அப்பால் நின்றால் ஓவ்சைட் ஆகுமா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். ஆகாது என்பதே விதி. ஆயினும் விடையை உடனே சொல்லிவிட வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் வழக்கமாக ஒதுங்கி நிற்கும் பிள்ளை, கால் தடுமாறினாலும் விதிகளை நன்கறிந்தவனாயிருப்பதுண்டு. அவன் எழுந்து கரும்பலகைக்கு வந்து புளியங்கொட்டைகளை நகர்த்திக் காட்டட்டும். இடி ஓய்ந்து அரைமணியானதும், மிஞ்சிய நேரம் இருபது நிமிடமேயாயின், அன்றைக்கு வேறு பயிற்சி வேண்டாம். நால்வர் நால்வராகப் பிரித்து, எல்லாப் பந்துகளையும் வெளியே எடுத்து, ஆடவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம்.